நாற்று வாடினால் உடனே நீர் ஊற்றலாமா?

(இலத்தூரில் விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலத்தூர் குளத்துத் தண்ணீரில் தலைமுறை தலைமுறையாக நெல் நட்டு வருகிறவர்கள் நீங்கள். அனுமன் நதியில் எப்போது வெள்ளம் வரும், எந்த மடையை எப்போது திறக்க வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே வயலுக்குப் பாயும் நீரைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. ஒரு பூவாளியில் கொள்ளும் நீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மிளகாய், தக்காளி, கத்தரி ஆகிய பயிர்களுக்கு, விதை போட்ட நாள் முதல் நாற்றுப் பறிக்கும் நாள் வரை நாம் ஊற்றுகிற நீர் அது.

ஒரு ஏக்கர் மிளகாய் நடுவதற்கு ஒரு சென்ட் நாற்றங்கால் போதும். அந்த ஒரு சென்ட் கெட்டுப் போனால் ஒரு ஏக்கரும் தரிசாகக் கிடக்கும். விதைக்குக் கொடுத்த பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். மறுபடி விதைத்து, முளைத்து, வளர்வதற்குள் பட்டமே தவறிவிடுகிறது. பாவூர்சத்திரம் சந்தைக்கு ஊரார் காய் கொண்டு போகிற நாளில் நம் செடியில் அப்போதுதான் பூ வைக்கும். இதை அனுபவித்தவர்கள் இக்கூட்டத்தில் இருப்பீர்கள்.

நாற்றங்காலில் நாற்றுச் சாவதற்கு என்ன காரணம் என்று கேட்டால் பலரும் விதையைக் குறை சொல்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்கிறார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நான் பார்த்த வரையில், முளைத்த பிறகு செத்த நாற்றுகளில் பெரும் பங்கு தண்ணீரால் செத்தவை. தண்ணீர் இல்லாமல் அன்று; தண்ணீர் மிகுந்து.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நான் பணியில் சேர்ந்த புதிதில், இந்த வட்டாரத்திலேயே ஒரு கிராமத்தில், ஒரு அண்ணாச்சி ஆனி மாதக் கடைசியில் மிளகாய் நாற்றங்கால் போட்டிருந்தார். தொழு உரம் நன்றாக இட்டு, பாத்தியை மேடாக்கி, ஒரு குறையும் இல்லாமல் போட்டிருந்தார். நான் போய்ப் பார்த்துவிட்டு, காலையும் மாலையும் இரு வேளை தண்ணீர் தெளியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அப்படித்தான் மனப்பாடமாக இருந்தது. ஆடி பிறந்தது. குற்றாலத்தில் அருவி கொட்டியது. சாரல் விடாமல் அடித்தது. ஒரு நாள் அவர் என்னைத் தேடி வந்து, "தம்பி, நாத்து தலை தொங்குதே, என்ன செய்ய?" என்றார். வாடுகிறது என்றால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள் அண்ணாச்சி என்றேன். நான்கு நாள் கழித்துப் போனபோது பாத்தியில் முக்கால் பங்கு படுத்துக் கிடந்தது.

அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அவருடைய தாயார், வயதான ஆச்சி, பாத்தி ஓரத்தில் குந்தியிருந்து விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார்கள். விரலை மூக்கருகே கொண்டு போய் மோந்தார்கள். "மண்ணு மூச்சு முட்டிக் கெடக்குல்லா. இதுல எங்கன செடி பிழைக்கும்?" என்றார்கள். நாலாண்டு படித்த படிப்பில் நான் கற்றிருக்க வேண்டிய பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அந்த அண்ணாச்சி மறுபடி விதைத்து நடும்போது புரட்டாசி முடிந்துவிட்டது. ஐப்பசி மழை இளஞ்செடியின் மேல் விழுந்தது. அந்த ஆண்டு அவருக்கு மிளகாயில் கைப்பணமும் திரும்பவில்லை. ஆகவே இன்று நான் சொல்கிறவற்றை, ஒரு முறை தவறாகச் சொல்லிவிட்டவன் திருத்திச் சொல்வதாகக் கேட்டுக் கொள்ளுங்கள்.

நெல் வேறு, மிளகாய் வேறு

நம் பக்கத்து விவசாயிக்குத் தண்ணீர்ப் பழக்கம் நெல்லிலிருந்து வந்தது. நெல் நாற்றங்காலில் நீர் தேங்கி நின்றால் நமக்கு மனம் குளிர்கிறது. நெல்லுக்கு அது பொருந்தும். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுப் போகும் குழல்கள் உண்டு. இலை வாங்குகிற காற்று அந்தக் குழல் வழியாக வேர் நுனி வரை இறங்குகிறது. அதனால்தான் அது சேற்றில் நின்றும் மூச்சு விடுகிறது. மிளகாய்க்கும் தக்காளிக்கும் கத்தரிக்கும் அத்தகைய ஏற்பாடு கிடையாது. அவற்றின் வேர், தான் இருக்கும் இடத்து மண்ணில் உள்ள காற்றையே நம்பி இருக்கிறது.

மண்ணில் காற்று எங்கே இருக்கிறது? நல்ல பொலபொலப்பான மண்ணை எடுத்துக் கொண்டால் அதில் ஏறக்குறைய பாதிதான் மண். மீதிப் பாதி சந்து. அந்தச் சந்துகளில் பாதி நீரும் பாதி காற்றுமாக இருக்கும்போது வேர் சுகமாக இருக்கிறது. நாம் ஊற்றிக் கொண்டே இருந்தால் காற்று இருந்த இடத்தையும் நீர் பிடித்துக் கொள்கிறது. காற்றில் பிராணவாயு பரவுகிற வேகத்தைப் பார்க்க, நீருக்குள் அது பரவும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே நீர் நிறைந்த மண்ணில் உள்ள கொஞ்சம் பிராணவாயுவும் தீர்ந்த பிறகு புதிதாக வந்து சேருவதில்லை. வேர் மூச்சுத் திணறுகிறது. மூச்சுத் திணறும் வேர் நீரை உறிஞ்சாது. நீருக்குள்ளே நின்று கொண்டே செடி தாகத்தால் தலை தொங்குகிறது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். காய்ந்தாலும் நாற்றுத் தொங்குகிறது, மூழ்கினாலும் தொங்குகிறது. பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். தொங்கியதைப் பார்த்ததும் பூவாளியைத் தூக்குகிறோம். மூழ்கி வாடிய நாற்றுக்கு அந்த ஒரு பூவாளியே எமனாகிவிடுகிறது.

வேறுபாடு காண்பது கடினம் அன்று. நீர் போதாத நாற்று நடுப்பகலில் வாடி, வெயில் தாழ்ந்ததும் ஓரளவு நிமிரும். இலை மங்கிய பச்சையாக இருக்கும். குழித்தட்டாக இருந்தால் மண் குழியின் சுவரை விட்டு விலகி நிற்கும். நீர் மிகுந்த நாற்று காலையிலும் வாடியே நிற்கும். இலை வெளுத்து மஞ்சளாகும். மண்ணின் மேல் பச்சைப் பாசி படரும். தட்டைத் தட்டினால் கொசுவைப் போன்ற சிறு கறுப்புப் பூச்சிகள் எழும். ஆச்சி செய்தது போல் மோந்து பாருங்கள். நல்ல மண்ணில் முதல் மழையில் எழும் வாசம் இருக்கும். அது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாசம். சாக்கடை வாடை அடித்தால் அந்த மண்ணில் காற்று இல்லை என்று பொருள்.

உயிருள்ள மண்ணும் நீரும்

இப்போது நம்மில் பலர் நாற்றங்கால் மண்ணுக்குத் தொழு உரம், மண்புழு உரம், மட்கிய தென்னை நார்க்கழிவு, அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் என்று சேர்க்கிறோம். மிக நல்லது. செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு கலந்த மண்ணே நாற்றுக்குப் போதும். அதன் மேல் இவற்றைச் சேர்க்கும்போது அதை உயிருள்ள மண் என்று சொல்லலாம். ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆனால் அவையும் மூச்சு விடுகிறவை என்பதை மறந்துவிடுகிறோம். விலை கொடுத்து வாங்கிய உயிர் உரத்தை மண்ணில் கலந்துவிட்டு, அதன் மேல் நாள்தோறும் தண்ணீரைத் தேக்கினால், மாட்டை வாங்கிக் கிணற்றில் தள்ளியது போல் ஆகிறது.

காற்று இல்லாத மண்ணில் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன. அவை மூச்சுக்காக, மண்ணில் உள்ள நைட்ரேட் சத்திலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொள்கின்றன. தழைச்சத்து வாயுவாகி மேலே போய்விடுகிறது. மிகுந்த நீரில் நாற்று மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சளைக் கண்டு சிலர் யூரியாக் கரைசல் ஊற்றுகிறார்கள். கரைசலும் தண்ணீர்தானே! நோய் இன்னும் முற்றுகிறது.

நாற்றழுகல் நோயைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நீர் கோர்த்தது போல் தோன்றி, பழுப்பாகி, நூல் போல் மெலிந்து, நாற்றுச் சாய்கிறது. ஒரு மூலையில் தொடங்கி வட்டம் வட்டமாகப் பரவுகிறது. சில சமயம் மண்ணுக்குள்ளேயே முளை அழுகி, விதை முளைக்கவில்லை என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். இதற்குக் காரணமான பூசணங்களில் முதன்மையானது பித்தியம். பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பட்லர் என்ற அறிஞர் இந்தப் பித்தியம் இனத்தைப் பற்றி 1907ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதி வெளியிட்டார். இந்தப் பூசணத்தின் வித்துகளுக்கு வால் போன்ற இழைகள் உண்டு. அவற்றை அசைத்து அவை நீரில் நீந்துகின்றன. மண் சந்துகளில் நீர் நிறைந்து நின்றால், ஒரு நாற்றின் வேரிலிருந்து அடுத்த நாற்றின் வேருக்கு நீந்திப் போகின்றன. சந்தில் காற்று இருந்தால் நீந்த வழியில்லை. நாம் ஊற்றும் தண்ணீர்தான் அதற்குப் படகு.

இதற்கு எதிராக நமக்கு உதவுவது டிரைக்கோடெர்மா. தீமை செய்யும் பூசணத்தை இந்தப் பூசணம் பற்றிச் சுற்றி அழிப்பதை 1932இல் வெயின்ட்லிங் என்பவர் கண்டு எழுதினார். ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் என்ற அளவில் விதை நேர்த்தி செய்யும்படி நம் பல்கலைக்கழகம் பரிந்துரைத்து வருகிறது. நம் கையில் இருப்பதோ நூறு கிராம் விதை. அதற்கு டிரைக்கோடெர்மா ஒரு சிட்டிகைதான் வரும். ரசாயனப் பூசணக்கொல்லியில் நேர்த்தி செய்து வந்த விதைக்கு இதை உடனே பூச வேண்டாம். பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஆனால் ஒன்று. டிரைக்கோடெர்மா சேற்றில் வேலை செய்யாது. ஈரமும் காற்றும் உள்ள மண்ணில்தான் அது வளரும். தண்ணீரைச் சரியாக ஊற்றாதவருக்கு டிரைக்கோடெர்மாவும் உதவாது.

எப்போது, எவ்வளவு, எப்படி?

முதலில், விதைப்பதற்கு முன் ஊற்ற வேண்டிய நீர். இதைத்தான் பலரும் குறைக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஒரு லிட்டர் நீர் பரவினால் அது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம் என்று நினைவில் வையுங்கள். காய்ந்து கிடக்கும் மேட்டுப்பாத்தி நான்கு விரற்கடை ஆழத்துக்கு நனைய, ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து லிட்டருக்குக் குறையாமல் வேண்டியிருக்கும். இதை ஒரே மூச்சில் ஊற்றக் கூடாது. மட்கு மிகுந்த மண் நன்றாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டது போல் உருண்டு ஓரமாக ஓடிவிடும். ஆகவே முதல் நாள் மாலை கொஞ்சம் தெளித்து, சற்றுப் பொறுத்து, மறுபடி தெளித்து, இப்படி மூன்று நான்கு தடவையாக நனையுங்கள். மறுநாள் காலை மண்ணை அள்ளிப் பிடித்துப் பாருங்கள். புட்டுக்கு மாவு நனைக்கிற பதம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பிடித்தால் பிடி நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் விரலிடுக்கில் நீர் வரக் கூடாது. அந்தப் பதத்தில் விதையுங்கள்.

விதைகளை வரிசையாக, அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, மேலே மெல்லிய மண் தூவி, வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். கையால் வாரி இறைத்தால் நாற்று நெருக்கமாக எழுந்து, அடியில் காற்று நுழைய வழியில்லாமல் ஈரம் அடைந்து கிடக்கும். விதை முளைக்கும் வரை மட்டும் மேல் மண் ஒரு வேளை கூடக் காயக் கூடாது. முளை விட்ட விதை ஒரு முறை காய்ந்தால் போயிற்று. வைக்கோலின் மேல் லேசாகத் தெளித்தால் போதும். மூடாக்கு இருக்கும்போது மண் எளிதில் காயாது என்பதால் இந்தக் கட்டத்திலும் தேவை சிறிதுதான். முளைகள் மண்ணைப் பிளந்து தெரிந்ததும் அன்றே வைக்கோலை எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

விதையிலை இரண்டும் விரிந்து, அடுத்த இலை வராத அந்த ஒரு வாரம் பத்து நாள்தான் கண்டம். நாற்றழுகல் பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது. அந்த நாளில் கொஞ்சம் கையைக் கட்டிப் போடுங்கள். மேல் மண் நிறம் மாறி வெளுக்கட்டும். அடியில் ஈரம் இருந்தால் வேர் அந்த ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். மேலே எப்போதும் ஈரம் இருந்தால் வேருக்கு இறங்க வேண்டிய அவசியம் இல்லை. மேலாகவே சுற்றிக் கொண்டு நிற்கும். அப்படி வளர்ந்த நாற்றை வயலில் நட்டால் முதல் வெயிலிலேயே மடிகிறது.

அடியில் ஈரம் இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். விரல் நுனியில் குளிர்ச்சி தட்டி மண் ஒட்டினால் அன்று நீர் வேண்டாம். பாத்தியின் நடுவில் ஒரு இடம், ஓரத்தில் ஒரு இடம், காற்று அடிக்கும் பக்கம் ஒரு இடம் என்று மூன்று இடம் பார்த்தால் போதும். குழித்தட்டில் விரல் விட இடம் இராது. தட்டைத் தூக்கிப் பாருங்கள். நன்கு நனைந்த தட்டின் கனமும் காய்ந்த தட்டின் கனமும் இரண்டு மூன்று நாளில் கைக்குப் பழகிவிடும். கூடையைத் தூக்கியே காயின் எடை சொல்லுகிற வியாபாரிகள் நம் சந்தைகளில் இல்லையா? அது போலத்தான்.

ஊற்றும் நேரம் காலை. வெயில் ஏறுவதற்குள் ஊற்றிவிட்டால், பகலில் இலை உலர்ந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் இரண்டாம் முறையும் வேண்டியிருக்கலாம். அதைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். பொழுது சாய்ந்த பின் தெளித்த நீர் இராமுழுதும் இலையிலும் தண்டிலும் நிற்கும். பூசணம் அதற்காகக் காத்திருக்கிறது.

பூவாளியின் கண் சிறியதாக இருக்க வேண்டும். பூவை மேல் நோக்கித் திருப்பி வைத்தால் நீர் வளைந்து எழுந்து தூறலாக விழும். பாத்திக்கு வெளியே ஊற்றத் தொடங்கி, நீர் சீராக வரத் தொடங்கியதும் பாத்தியின் மேல் கொண்டு செல்லுங்கள். நிறுத்தும்போதும் பாத்திக்கு வெளியே நிறுத்துங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் சொட்டும் பெருந்துளிகள்தான் இளநாற்றைச் சாய்க்கின்றன. ஒரே போக்கில் ஊற்றி முடிக்காமல் ஒரு முறை நனைத்து, சற்று நின்று, மறுமுறை ஊற்றினால் நீர் உள்ளே இறங்கும். ரப்பர் குழாயில் ஊற்றுகிறவர்கள் முதலில் வரும் நீரைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெயிலில் கிடந்த குழாயில் வெந்நீர் நிற்கும். பஞ்சாயத்துக் குழாய் நீரில் பிளீச்சிங் வாடை அடித்தால், ஒரு நாள் வாய் அகன்ற தொட்டியில் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். உயிர் உரம் கலந்த மண்ணுக்கு அந்த மருந்து ஆகாது.

குழித்தட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. 98 குழித் தட்டில் ஓரக் குழிகள் முதலில் காய்கின்றன. நடுக்குழிகள் ஈரமாகவே இருக்கின்றன. ஆனால் ஊற்றுகிற கை இயல்பாக நடுவில்தான் அதிகம் நிற்கிறது. ஓரத்தை ஒரு சுற்றுத் தனியாக நனைத்துவிட்டு நடுவைத் தொடுங்கள். தட்டுகளைத் தரையில் வைக்காமல் கல்லின் மேலோ கம்புச் சட்டத்தின் மேலோ தூக்கி வையுங்கள். அடித்துளை அடைபட்டால் மேலே எவ்வளவு கவனமாக ஊற்றியும் பயனில்லை. நம் வட்டாரத்தில் தென்னை நார்க்கழிவு தாராளமாகக் கிடைக்கிறது. அது தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும். மேலே காய்ந்தாற்போல் தோன்றும். அழுத்தினால் நீர் கசியும். மண் பாத்திக்கு ஊற்றுகிற கணக்கில் அதற்கு ஊற்றினால் கெட்டது. மட்காத செந்நிற நார்க்கழிவில் உப்பும் இருக்கும். நன்றாக அலசியோ, மட்க வைத்துக் கறுத்த பிறகோ பயன்படுத்த வேண்டும்.

சாரல் காலமும் தார்சாவில் வைத்த தட்டும்

ஆனி, ஆடி, ஆவணியில் இந்த ஊர் வானிலைக்குத் தனிக் குணம் உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இரைந்து கொண்டு வருகிறது. அந்தக் காற்றை நம்பித்தானே நம் பக்கத்தில் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள்! கூடவே சாரலும் வருகிறது. இந்த இரண்டும் சேர்ந்து நம்மை இரு விதமாக ஏமாற்றுகின்றன. சில நாள் சாரல் இலையை நனைத்து, மண்ணில் ஒரு நூல் அளவே இறங்கியிருக்கும். பாத்தி நனைந்திருக்கிறது என்று நாம் விட்டுவிடுகிறோம். அடியில் வேர் காய்கிறது. வேறு சில நாள், அடி மண் ஊறிக் கிடக்கும். காற்று மேல் மண்ணை மட்டும் உலர்த்தி வெளுப்பாக்கிவிடும். காய்ந்துவிட்டது என்று ஊற்றிவிடுகிறோம். என் அண்ணாச்சியின் நாற்றங்காலில் நடந்தது இந்த இரண்டாவது. சாரல் காலத்தில் கண்ணை நம்ப வேண்டாம், விரலை நம்புங்கள். அந்த நாட்களில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஏன், மூன்று நாளைக்கு ஒரு முறை ஊற்றினாலே போதுமாக இருக்கலாம். நிழல்வலை கட்டியிருந்தால், வலையில் சாரல் திரண்டு, தையல் இருக்கும் இடத்தில் பெருந்துளியாக ஒரே இடத்தில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் அழுகல் முதலில் தோன்றும். அங்கிருந்து தட்டை நகர்த்திவிடுங்கள்.

சாரலுக்குப் பயந்து சிலர் தட்டுகளைத் தார்சாவிலோ மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ கொண்டு வைக்கிறார்கள். தவறில்லை. ஆனால் கூரைக்குக் கீழே வெளிச்சமும் காற்றும் குறைவு. நாற்று நீரை வெளிவிடுவதும் குறைவு. வெளியில் ஒரு நாளில் காய்ந்த தட்டு உள்ளே மூன்று நான்கு நாள் ஈரமாகவே இருக்கும். வெளியில் ஊற்றிய அதே அளவை உள்ளேயும் ஊற்றினால் ஒரு வாரத்தில் அழுகல் வந்துவிடும். நீரைக் குறையுங்கள். மழை வெறித்த நேரத்தில், காலை வெளிச்சத்தில் தட்டுகளை வெளியே எடுத்து வையுங்கள். வெளிச்சம் இல்லாமல் நீண்டு போன நாற்று, எவ்வளவு அழகாகப் பசுமையாகத் தோன்றினாலும், வயலில் நிற்காது.

இவ்வளவு பார்த்தும் ஒரு மூலையில் அழுகல் தோன்றிவிட்டால் என்ன செய்வது? சாய்ந்த நாற்றுகளையும், அவற்றைச் சுற்றி ஒரு சாண் மண்ணையும் எடுத்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீரை நிறுத்துங்கள். பாத்தியை இரண்டொரு நாள் உலர விடுங்கள். அதற்கு மேலும் பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு மருந்தை லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். இதை நான் கடைசியாகத்தான் சொல்லுவேன். ஊறிக் கிடக்கிற பாத்தியில் மருந்துக் கரைசலை ஊற்றுவது, வெள்ளத்தில் நிற்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது போல. முதலில் மண் உலர வேண்டும். தாமிர மருந்து நாம் சேர்த்த நல்ல நுண்ணுயிர்களையும் தாக்கும் என்பதையும் மனத்தில் வைத்து, நோய் கண்ட இடத்துக்கு மட்டும் ஊற்றுங்கள்.

நாற்றில் நான்கைந்து இலை வந்த பிறகு கவலை குறைகிறது. அப்போது ஊற்றும் தடவைகளைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஊற்றும் அளவைக் கூட்டுங்கள். தக்காளி நாற்று 25 நாளில், கத்தரி 30 முதல் 35 நாளில், மிளகாய் 35 முதல் 45 நாளில் நடவுக்கு வரும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து நீரைக் குறைத்து, இலை சற்று வாடும் அளவுக்குப் போக விட்டு ஊற்றுங்கள். அந்த ஒரு வாரத்தில் தண்டு கெட்டிப்படும். பறிக்கும் நாள் காலையில் மட்டும் நன்றாக ஊற்றி, வேர் அறாமல் மண்ணோடு எடுங்கள்.

எவ்வளவு ஊற்ற வேண்டும், லிட்டர் கணக்குச் சொல்லுங்கள் என்று சிலர் கேட்பீர்கள். வெயில் நாளில், சற்று வளர்ந்த நாற்றுக்குச் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு லிட்டர் என்று தோராயமாகச் சொல்லலாம். சாரல் நாளில் அதே பாத்திக்கு ஒன்றும் வேண்டாமலும் போகலாம். அதனால்தான் நான் லிட்டரை விட்டுவிட்டு விரலைச் சொல்லிக் கொண்டிருக்கிறேன்.

மேடைக்குப் பக்கத்தில் நான்கு குழித்தட்டுகள் வைத்திருக்கிறேன். நான்கிலும் மேல் மண் ஒரே மாதிரி வெளுத்திருக்கும். அவற்றில் இரண்டுக்கு இன்று தண்ணீர் வேண்டும், இரண்டுக்கு வேண்டாம். எவை என்று ஒவ்வொருவராக வந்து தூக்கிப் பார்த்துச் சொல்லுங்கள். தாய்மார்கள் முதலில் வாருங்கள். வீட்டில் பூவாளி பெரும்பாலும் உங்கள் கையில்தானே இருக்கிறது. பூவாளியும் இரண்டு கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றின் கண் பெரியது, ஒன்றின் கண் சிறியது. இரண்டிலும் ஊற்றிப் பார்த்துவிட்டு, உங்கள் சந்தேகங்களைக் கேளுங்கள்.